பாடிப் போகிற மூச்சு

என் அத்தை அம்சவள்ளிக்கு இரண்டு வயது. பள்ளிக்கூடத்து வயது ஒன்று, வீட்டு வயது ஒன்று. ஆதார் அட்டையில் இருப்பது பள்ளிக்கூடத்து வயது; அதன்படி அவளுக்கு நாற்பத்து நான்கு நடக்கிறது. வீட்டு வயது அதைவிட மூன்று கூடுதல்.

கண்டமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் தெருவில் அந்தத் தலைமுறைக்காரர்கள் பலருக்கு இப்படித்தான். அம்மாவும் அப்பாவும் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்விட, தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டு வீட்டோடு கிடந்த பெண் பிள்ளைகள், அந்தத் தம்பி நடக்கத் தொடங்கிய பிறகுதான் பள்ளிக்குப் போனார்கள். அத்தை ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது முன்பல் விழுந்து புதுப்பல் முளைத்திருந்ததாம். "அஞ்சுன்னே போட்டுக்கறேன்மா. நாளைக்கு உத்தியோகம்னு போனா மூணு வருஷம் கூட சம்பளம் வாங்கலாம் இல்ல?" என்று தலைமையாசிரியர் ஒரு ஜூன் மாதத் தேதியை அவள் பிறந்த நாளாக எழுதிக்கொண்டார்.

அத்தை உத்தியோகத்துக்குப் போகவில்லை. அந்த மூன்று வருஷம் கபடிக்குத்தான் பயன்பட்டது. ஜூனியர் பிரிவில் மற்ற ஊர்ப் பெண்கள் வயது தாண்டி வெளியேறியபோதும் அத்தை தாளில் சின்னப் பெண்ணாகவே இருந்தாள். உடம்பில் மட்டும் ஒரு முழு மனுஷியின் பலம்.

அவள் ஆடிய நாட்களில் நான் பிறக்கவில்லை. ஆனாலும் அந்தக் காலத்தை நான் பார்த்ததுபோலச் சொல்ல முடியும். அத்தை அத்தனை முறை சொல்லியிருக்கிறாள். ஏரிக்கரைப் பனைமரங்களுக்கு நடுவே 'கபடி கபடி' என்று ஒரே மூச்சில் ஓடுவார்களாம். ஒரு பனையில் தொடங்கி மூச்சு விடாமல் எத்தனை பனை தாண்டுகிறோம் என்பதுதான் பயிற்சி. மற்றவர்கள் நின்று இடுப்பைப் பிடித்துக்கொள்ளும் இடத்தில் அத்தை இன்னும் பாடிக்கொண்டு போவாள். எதிரணியின் எல்லைக்குள் நுழைந்தால் ஆறேழு பேர் மேலே விழுந்தாலும் அவள் குரல் அடியிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கும் என்று அவளுடைய அணித் தோழி இசைவாணி சொல்வார். "மண்ணுக்குள்ள இருந்து ரேடியோ பாடற மாதிரி இருக்கும்டி. அப்புறம் பாத்தா கை மட்டும் நீண்டு கோட்டத் தொட்டுக்கினு இருக்கும்."

மூச்சுக்குப் பிறகு அவர்களுக்கு முக்கியம் எடை. அன்றைய போட்டிகளில் ஐம்பது கிலோ, ஐம்பத்தைந்து கிலோ என்று பிரிவு உண்டு. ஆட்டத்துக்கு முன் எல்லோரையும் நிறுத்துப் பார்ப்பார்கள். அரைக் கிலோ கூடினாலும் வெளியேதான். அதனால் போட்டிக்கு முந்தின நாள் முழுக்கப் பட்டினி. கொஞ்சம் புளியை வாயில் ஒதுக்கிக்கொண்டு எச்சிலைத் துப்பிக்கொண்டே இருப்பார்கள். உடம்புத் தண்ணீர் குறையுமாம். யூரியா மூட்டைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு, சட்டைக்குள்ளே போட்டுக்கொண்டு வெயிலில் ஓடுவார்கள். விழுப்புரத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை, ரயில் நிலையத்தில் சின்ன விளக்குகள் சுற்றிச் சுற்றி எரியும் எடை இயந்திரத்தில் காசு போட்டு ஏறி நிற்பது. விழும் அட்டையின் ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம். எடை சரியாக இருந்தால் ஜோசியத்தைப் படித்துச் சிரிப்பார்கள். கூடியிருந்தால் ஜோசியத்தை யாரும் படிப்பதில்லை. நடைமேடையில் ஓடத் தொடங்குவார்கள். ரயிலுக்குக் காத்திருப்பவர்கள், பிளாஸ்டிக் உறை சரசரக்க ஓடும் பெண்களைப் பார்த்து எந்த வண்டியைத் தவறவிட்டார்களோ என்று பரிதாபப்படுவார்களாம்.

அத்தையின் கடைசிப் போட்டி விழுப்புரத்தில், திண்டிவனம் அணிக்கு எதிராக நடந்தது. திண்டிவனம் அணியின் தலைவி ஜெசிந்தா. அத்தையை ஒழுங்காகப் பிடித்து நிறுத்தத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்று அத்தையே ஒப்புக்கொள்வாள். அந்த ஆட்டத்தில் நன்றாக ஆடும் ஒருத்திக்குச் சென்னையில் கல்லூரி இடம் கிடைக்கும் என்று பேச்சு இருந்தது.

அத்தை எடையில் நிற்கவில்லை. அந்த வருஷம் என்ன செய்தும் அவளுக்கு எடை இறங்கவில்லை. பட்டினி கிடந்தாள், ஓடினாள், புளியை மென்று துப்பி வாயெல்லாம் புண். இருந்தும் முள் கோட்டைத் தாண்டி நின்றது. விளையாட்டு ஆசிரியர் எல்லோர் எதிரிலும், "ராத்திரி யாருக்கும் தெரியாம என்னாத்த தின்ன?" என்று கேட்டார். அவள் எதையும் தின்றிருக்கவில்லை. வெளியே உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்தாள். திண்டிவனம் ஜெயித்தது. ஜெசிந்தா கல்லூரிக்குப் போய், பிறகு ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை ஆனார். அத்தைக்கு அடுத்த தையில் கல்யாணம்.

பல வருஷங்கள் கழித்து, இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு கழுத்து லேசாக வீங்கி, குரல் தடித்து, முடி கொட்டி, படி ஏறினால் மூச்சு வாங்கத் தொடங்கியபோதுதான் தைராய்டு என்று கண்டுபிடித்தார்கள். சுரக்க வேண்டியது சுரக்கவில்லை. தினமும் காலையில் ஒரு மாத்திரை. அன்றைக்கு இறங்காமல் நின்ற எடையும் இதனால்தானா? இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். எங்கள் டாக்டரிடமும் கேட்டேன். "இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அப்போ யாரும் ரத்தம் எடுத்துப் பார்க்கலையே" என்றார். அத்தையிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தின்று பெருத்தவள் என்ற பெயர் போகும். ஆனால் போனது போனதுதானே என்ற வருத்தம் புதிதாக வரும். எது நல்லது?

எங்கள் டாக்டர் என்று சொன்னது கிருஷ்ணவேணி டாக்டரை. விழுப்புரத்தில் நான் வேலை பார்க்கும் தனியார் மருத்துவமனையில் அவர் நுரையீரல் மருத்துவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். படித்தது மூச்சு சம்பந்தமான தொழில்நுட்பப் படிப்பு. 'ஊதச் சொல்ற வேலை' என்று வீட்டில் சொல்வார்கள். அது தவறும் இல்லை. மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் குழாயைக் கொடுத்து, ஆழமாக இழுக்கச் சொல்லி, பிறகு ஒரே மூச்சில் ஊதச் சொல்ல வேண்டும். வயது, உயரம், ஆணா பெண்ணா என்று கணினியில் தட்டினால், இப்படிப்பட்ட ஒருவருக்கு இவ்வளவு மூச்சு இருக்க வேண்டும் என்று அது ஒரு கணக்கு வைத்துக்கொள்ளும். ஊதியது அதில் எத்தனை சதவீதம் என்று திரையில் காட்டும்.

டாக்டர் இப்போது தைராய்டு நோயாளிகளின் மூச்சைப் பற்றி ஓர் ஆய்வு செய்கிறார். வயது ஏற ஏற இவர்களுடைய மூச்சு எப்படிக் குறைகிறது, எடை கூடியவர்களுக்கு இன்னும் எவ்வளவு குறைகிறது என்பதுதான் கேள்வி. வருகிறவர்களை நிறுத்து, ஊத வைத்து, கணினியில் ஏற்றுவது என் வேலை. அத்தையை வரச் சொல்லிப் பல மாதங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். "ஊதறதுக்கு வெளுப்புரம் வரணுமா? அடுப்ப ஊதறேனே தெனம்" என்று தட்டிக்கழித்தாள்.

மார்கழியில் அவளே போன் செய்தாள். ஜெசிந்தா பழைய ஆட்டக்காரர்களை எல்லாம் தேடிப்பிடித்து வாட்ஸப்பில் ஒரு குழு தொடங்கியிருந்தார். காணும் பொங்கல் அன்று திண்டிவனத்தில் ஒரு ஆட்டம். நாற்பது தாண்டியவர்கள் மட்டும். எடைக் கட்டுப்பாடு கிடையாது. விழுப்புரம் பக்கத்து அணிக்கு அத்தையின் பெயரைத்தான் முதலில் போட்டிருந்தார்.

"நான் போறேன்னு சொல்லிட்டேன். உங்க மாமாதான் பேஜாரு பண்ணிக்கினு இருக்கறாரு" என்றாள்.

பக்கத்தில் தாண்டவராயன் மாமாவின் குரல் கேட்டது. "கெணத்துல இருந்து ஒரு கொடம் தூக்கிக்கினு வந்தா ரெண்டு தபா ஒக்கார்றா. இவ கபடி ஆடப் போறாளாம். நடுவுல மயக்கம் போட்டு வுழுந்தா எத்தினி பேரு சேந்து தூக்கறது? கிரேன்தான் வெக்கணும்."

"கேட்டியா?"

"டாக்டரு ஆடலாம்னு சொன்னா ஆடட்டும். நான் ஏன் குறுக்க நிக்கப் போறேன்?" என்றார் மாமா.

அப்படித்தான் முடிவானது. கிருஷ்ணவேணி டாக்டர் மூச்சைப் பரிசோதித்து ஆடலாம் என்றால் ஆடுவாள். வேண்டாம் என்றால் இல்லை. அத்தை அதற்கு ஒத்துக்கொண்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனால் போனை வைக்கும் முன் அவள் ஒன்று கேட்டாள்: "எடை பாப்பாங்களா?"

"பாப்பாங்க அத்தே. ஆய்வுக்கு வேணும்."

"செரி" என்றாள். அந்தச் 'செரி'யை நான் கவனிக்கத் தவறிவிட்டேன்.

பரிசோதனை அன்று காலை மாமாவோடு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். முகம் வாடியிருந்தது. எடை இயந்திரத்தில் ஏறும் முன் செருப்பைக் கழற்றினாள். வளையல்களைக் கழற்றி மாமாவிடம் கொடுத்தாள். தாலிச் சரட்டில் இருந்த ஊக்குகளைக்கூட எடுத்தாள். பிறகு ஏறி, மூச்சை உள்ளே இழுத்து வயிற்றை ஒட்ட வைத்துக்கொண்டு நின்றாள். வயிற்றை ஒட்ட வைத்தால் எடை குறையாது என்று சொல்ல நினைத்து, சிரித்ததோடு விட்டுவிட்டேன்.

ஊத வைத்தேன். நன்றாக இழுத்தாள். ஊதத் தொடங்கினாள். "ஊது, ஊது, ஊது, விடாதே" என்று நான் கத்திக்கொண்டிருந்தபோதே குழாயிலிருந்து வாயை எடுத்துவிட்டாள். கண் சுற்றுகிறது என்றாள். மறுபடி. மறுபடி. ஒவ்வொரு முறையும் திரையில் கோடு பாதி தூரம் ஏறிக் கவிழ்ந்தது. அறுபத்தாறு சதவீதம். நான் அவ்வளவு குறைவை எதிர்பார்க்கவில்லை.

டாக்டர் பார்த்தார். நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டார். "இந்த மூச்சோட கபடி வேண்டாம்மா. நடங்க, எடையைக் குறைங்க, மாத்திரையைச் சரியா சாப்பிடுங்க. அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார்.

"அடுத்த வருஷம் யாரு இருக்கறாங்களோ மேடம்" என்றாள் அத்தை. அவ்வளவுதான். சண்டை போடவில்லை, கெஞ்சவில்லை. வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மாமா தன் கேலியை எல்லாம் எங்கோ வைத்துவிட்டு, வளையல்களை ஒவ்வொன்றாக அவள் கையில் மாட்டிவிட முயன்றுகொண்டிருந்தார். அவை ஏறவில்லை. அவளே பிடுங்கி மாட்டிக்கொண்டாள்.

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு பாட்டிலை நிறுத்தாமல் குடித்தாள். இன்னொன்று கேட்டாள். அப்போதுதான் அவளுடைய உதடுகள் வெடித்திருப்பதைப் பார்த்தேன்.

"அத்தே, காலைல என்னா சாப்ட?"

இரண்டாவது பாட்டிலைத் திறந்தாள்.

"நேத்து ராத்திரி?"

மாமா சொன்னார்: "நேத்து பொழுது சாஞ்சதுல இருந்து பச்சத் தண்ணி பல்லுல படல. விடிகால என் மழைக் கோட்ட எடுத்து மாட்டிக்கினு ஏரிக்கரையில ஓடிக்கினு இருந்தா. பனியில எவனோ பாத்துட்டு, தாண்டவராயா, ஒன் பொண்டாட்டிக்கு என்னாய்யா ஆச்சுன்னு கேக்கறான். நான் என்னாத்த சொல்ல?"

"எடை பாப்பாங்கன்னு நீதானடி சொன்ன?" என்றாள் அத்தை என்னிடம். "கூட இருந்தா வெளிய அனுப்பிடுவாங்க இல்ல?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கால் நூற்றாண்டுக்குப் பிறகும் அவளுக்கு எடை இயந்திரம் என்றால் ஒரே அர்த்தம்தான். ஆய்வுக்காக எடை பார்த்த எங்களிடம் அவள் போட்டிக்குத் தயாராவதுபோலத் தயாராகி வந்திருக்கிறாள். தண்ணீர் குடிக்கக் கூடாது என்பதால் தைராய்டு மாத்திரையைக்கூட அன்று காலை விழுங்கவில்லை. நோயாளியின் மூச்சை அளந்தோம் என்று நினைத்தேன். பட்டினி கிடந்து ஓடிக் களைத்த ஒருத்தியின் மூச்சைத்தான் அளந்திருக்கிறேன். இதுவரை நான் ஊத வைத்த எத்தனை பேர் இப்படி எதையோ செய்துவிட்டு வந்தார்களோ என்று நினைத்தபோது கொஞ்சம் பயமாக இருந்தது. கணினிக்கு என்ன தெரியும், நான் தட்டுவதைத் தவிர?

டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "மழைக் கோட்டா?" என்று கேட்டுச் சிரித்தார். பிறகு, "அந்தக் கணக்கை அழிச்சிடு. ரெண்டு வாரம் மாத்திரை ஒழுங்கா போடட்டும், அப்புறம் மறுபடி வரச் சொல்லு. சாப்பிட்டுட்டு வரச் சொல்லு. ஈ.சி.ஜி.யும் எடுத்துடலாம்" என்றார்.

அத்தை உள்ளே வந்தபோது டாக்டர் பொறுமையாக விளக்கினார். வயது கூடினால் எல்லோருக்கும் மூச்சு குறையும். எடை கூடினால் வயிறு மேலே அழுத்தி நுரையீரல் விரிய இடம் போதாது. தைராய்டு குறைந்தால் மூச்சை இழுக்கும் தசைகளே தளர்ந்துவிடும். உங்களுக்கு மூன்றும் சேர்ந்திருக்கிறது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். அதற்குத்தான் இந்த ஆய்வு.

அத்தை கவனமாகக் கேட்டாள். "மூணு பேரு சேந்து புடிக்கறாங்க. ஒருத்தி கால, ஒருத்தி இடுப்ப, ஒருத்தி கைய. அப்படித்தான மேடம்?"

"அப்படித்தான்."

"மாத்திர போட்டா ஒருத்தி கைய வுட்டுடுவா. ஒடம்ப கொறச்சா இன்னொருத்தியும் வுட்டுடுவா."

"ஆமா. வயசு மட்டும் விடாது."

"ஒருத்திதான? அவள இழுத்துக்கினே வந்துடலாம்" என்றாள் அத்தை.

மாத்திரையை டீயோடு போடக் கூடாது, வெறும் வயிற்றில் தண்ணீரில் போட்டு அரைமணி கழித்துத்தான் எதையும் குடிக்க வேண்டும் என்று நான் மறுபடி சொன்னேன். முன்பெல்லாம் தலையாட்டிவிட்டு டீயோடுதான் போடுவாள். இந்தத் தடவை தினமும் காலையில் எனக்குப் போன் வந்தது. "போட்டுட்டேன்." அரைமணி கழித்து, "டீ குடிக்கட்டுமா?"

இரண்டாவது தடவை வந்தபோது கேப்பைக் கூழ் குடித்துவிட்டு, மல்லாட்டைக் கடலை வறுத்துப் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். எடை இயந்திரத்தில் வளையலோடு ஏறினாள். முன்பைவிடக் கூடவே காட்டியது. "தண்ணி" என்று பெருமையாகச் சொன்னாள்.

நான் கணினியில் அவள் வயதைத் தட்டியபோது எட்டிப் பார்த்தாள். "அது எதுக்கு?"

"அந்த வயசுக்கு எவ்ளோ மூச்சு இருக்கணும்னு மெஷின் கணக்குப் போடும் அத்தே."

"அப்போ நாப்பத்தி நாலுன்னு போட்டா நாப்பத்தி நாலு வயசுக்காரி மாதிரி ஊதணுமா? நான் நாப்பத்தி ஏழுடி."

"ஆதார்ல..."

"அது வாத்தியாரு வெச்ச வயசு. மூச்சு வுடறது ஊட்டு வயசுதான?"

மாமா தலையில் அடித்துக்கொண்டார். "ஒலகத்துல வயசு ஏத்திச் சொல்லிச் சண்ட போடற பொம்பள நீ ஒருத்திதான்."

டாக்டர் சும்மா இருக்கவில்லை. ஆய்வுக்கு வயது சரியாக வேண்டும். எதை வைத்து நாற்பத்து ஏழு என்கிறீர்கள் என்று கேட்டார். அத்தையிடம் பதில் தயாராக இருந்தது. அவள் பிறந்த அதே வாரத்தில்தான் எங்கள் ஊரில் நிலம் வைத்திருக்கும் வீட்டில் சீனுவாசன் பிறந்தார். அவருக்கு ஜாதகம் எழுதியிருக்கிறார்கள்; அதன்படி அவருக்கு நாற்பத்து ஏழு. அத்தைக்கு எழுதவில்லை, எங்கள் வீடுகளில் அதற்கெல்லாம் வழக்கமில்லை. மாமா போன் செய்தார். சீனுவாசன் எடுத்தார்.

"அம்சாவுக்கா? எனக்கு நாலு நாளு மூத்தவதான. எங்கம்மா சொல்லும். ஏன், யாராவது பொண்ணு பாக்க வந்துக்கினு இருக்கறாங்களா?"

"வையா போன" என்றார் மாமா.

டாக்டர் சிரித்துக்கொண்டே வயதை மாற்றச் சொன்னார். ஊத வைத்தேன். இந்தத் தடவை நான் கத்தவே வேண்டியிருக்கவில்லை. அத்தை கண்ணை மூடிக்கொண்டு ஊதினாள். நெற்றி நரம்பு புடைத்தது. திரையில் கோடு ஏறிக்கொண்டே போனது. எனக்குத் தெரியாமலே நான் நாற்காலியின் விளிம்புக்கு வந்திருந்தேன். எழுபத்தெட்டு. நல்ல மூச்சு என்று சொல்ல முடியாது. ஏரிக்கரையில் பனை பனையாகத் தாண்டிய மூச்சு இதில் எத்தனை பங்கு இருக்கும் என்று எந்தக் கணினியும் சொல்லாது. வயது மாற்றியதால் கூடியது ஒன்றிரண்டுதான். மற்றதெல்லாம் தண்ணீரும் கூழும், ஒருவேளை மாத்திரையும் கொடுத்தது. ஆனால் அத்தைக்கு அந்த ஒன்றிரண்டுதான் பெரிதாக இருந்தது. "பாத்தியா, உண்மைய சொன்னா ஏறுது" என்றாள்.

ஈ.சி.ஜி. சரியாக இருந்தது. டாக்டர் அந்தத் தாளை மடித்துக் கோப்பில் வைத்தார். "ஆடுங்க. ஆனா மூச்சு வாங்குனா அந்த இடத்துலயே வெளிய வந்துடணும். இவளும் கூட வருவா" என்று என்னைக் காட்டினார்.

காணும் பொங்கல் அன்று திண்டிவனத்தில் நல்ல வெயில். திடலைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். புடவை கட்டிவந்த பெண்கள் ஒரு பள்ளி அறைக்குள் போய், சுடிதாரும் டீஷர்ட்டுமாகத் திரும்பினார்கள். பேரப்பிள்ளைகளை யார் மடியிலாவது விட்டுவிட்டுக் களத்துக்குள் இறங்கினார்கள். ஒருவரையொருவர் பார்த்ததும் முதல் வார்த்தையே 'அய்யோ' தான். "அய்யோ, முடியெல்லாம் எங்கடி போச்சு?" "அய்யோ, நீ கெழவி ஆயிட்டியே!"

ஜெசிந்தா ஒல்லியாகவே இருந்தார். கழுத்தில் விசில் தொங்கியது. அத்தையைக் கண்டதும் ஒரு கணம் நின்றுவிட்டார். கடைசியாக அவர்கள் பார்த்துக்கொண்டபோது அத்தைக்கு ஐம்பத்தைந்து கிலோவைச் சற்றே தாண்டிய உடம்பு.

"என்னாடி அம்சா, லாரி மாதிரி வர்ற?"

"லாரிதான். நடுவுல நிக்காத, இடிச்சிடும்" என்றாள் அத்தை. இருவரும் கட்டிக்கொண்டார்கள். அத்தையின் தோளில் ஜெசிந்தாவின் முகம் முழுக்க மறைந்துபோனது.

ஆட்டம் தொடங்கியது. முதலில் அத்தை மூலையில் நின்று பிடிக்கும் வேலையைத்தான் பார்த்தாள். பாடி வந்த ஒருத்தியை வழிமறித்து சும்மா நின்றாள். அவ்வளவுதான், வந்தவள் மோதி உட்கார்ந்துவிட்டாள். கூட்டம் ஆர்ப்பரித்தது. அன்றைக்கு வெளியே உட்கார வைத்த அதே உடம்பு. மாமா கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, "அப்படிப் போடு" என்று கத்திவிட்டு, நான் பார்ப்பதைக் கண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு அத்தையிடம் இசைவாணி, "நீ பாடிட்டு வா" என்றார். நான் தண்ணீர் பாட்டிலை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

அத்தை கோட்டைத் தொட்டுக் கும்பிட்டாள். உள்ளே நுழைந்தாள். 'கபடி கபடி கபடி.' குரல் தடித்திருந்தது, ஆனால் உரக்கக் கேட்டது. எதிரணி கை கோத்துக்கொண்டு பின்வாங்கியது. அவள் வலது பக்கம் போனாள், இடது பக்கம் வந்தாள். ஜெசிந்தா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அத்தை அவரை நோக்கிக் காலை நீட்டினாள். அப்போதுதான் அது நடந்தது. 'கப...' என்று பாதியில் குரல் நின்றது. யாரும் அவளைப் பிடிக்கவில்லை, தொடவில்லை. மூச்சு மட்டும் முடிந்துவிட்டது. நடுவர் விசில் ஊதினார். பாட்டு அறுந்ததால் அவுட்.

அத்தை திரும்பி நடந்து வந்து கோட்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள். அவள் முதுகு ஏறி ஏறி இறங்கியது. நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து நாடியைப் பிடித்தேன். உதட்டைப் பார்த்தேன், நகத்தைப் பார்த்தேன். நீலம் இல்லை. முகம் சிவந்து வியர்வை வழிந்தது. அவமானமாக இருக்குமோ என்று பயந்து முகத்தைப் பார்த்தேன்.

சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆடி... அவுட் ஆனேன்டி" என்றாள், மூச்சுக்கு நடுவே. அதற்குமேல் பேச முடியவில்லை.

போதும் அத்தே, போகலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எதிரணிக்காரி ஒருத்தி வந்து வெறுங்கையோடு திரும்பியிருந்தாள். இப்போது களத்தில் இசைவாணி பாடிப் போயிருந்தார். ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் தாவிக் கோட்டுக்கு வந்து விழுந்தார். ஒரு புள்ளி. கபடியில் ஒரு புள்ளி கிடைத்தால் அவுட் ஆன ஒருவர் மறுபடி உள்ளே வரலாம். முதலில் வெளியேறியவர் முதலில்.

"அம்சா, உள்ள வாடி!"

அத்தை என் தோளைப் பிடித்து எழுந்தாள். அவளுடைய மூச்சு இன்னும் அடங்கவில்லை. நிறுத்த வேண்டியவள் நான்தான். டாக்டர் அதற்குத்தான் என்னை அனுப்பினார். அவளுடைய எழுபத்தெட்டும் அதன் பொருளும் எனக்குத் தெரியும். நான் அவள் கையைப் பிடித்தேன். "அத்தே, கொஞ்ச நேரம்" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு உள்ளே போய், மூலையில் முழங்காலைப் பிடித்துக் குனிந்து நின்றாள்.

அடுத்துப் பாடி வர வேண்டியவர் ஜெசிந்தா. நடுக்கோடு வரை வந்தார். குனிந்து நின்ற அத்தையைப் பார்த்தார். பிறகு நடுவரைப் பார்த்து, "சார், ஒரு நிமிஷம். கொண்ட அவுந்துடுச்சு" என்றார்.

கொண்டை அவிழவில்லை. எல்லோரும் பார்க்கவே அவர் அதை அவிழ்த்தார். முடியை முன்னால் எடுத்துப்போட்டு விரலால் கோதினார். முறுக்கினார். பிடிக்காததுபோல மறுபடி அவிழ்த்தார்.

"ஜெசிந்தா மேடம், டைம் ஆகுது" என்றார் நடுவர்.

"ஜல்தி முடிச்சிடறேன் சார்."

ஊக்கு ஒன்று கீழே விழுந்தது. உட்கார்ந்து தேடினார். காலடியிலேயே கிடந்ததை அவர் தேடிக்கொண்டிருந்தார். நான் அத்தையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏற்றமும் இறக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக நிதானப்பட்டன. அவள் முழங்காலிலிருந்து கையை எடுத்தாள். நிமிர்ந்தாள். முகத்து வியர்வையை டீஷர்ட்டில் துடைத்துக்கொண்டு கால்களை அகட்டி நின்றாள்.

"எத்தினி நேரம்டி கட்டுவ?" அத்தையின் குரல் திடல் முழுக்கக் கேட்டது. "இருக்கறதே எலி வாலு, அதுக்கு இத்தன சிங்காரமா? வா, வந்து பாரு!"